ஆட்டுக்குத் தெரிந்தது மாட்டுக்கு ஏன் தெரியவில்லை?

நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. உங்கள் வெள்ளாடுகள் ஒரு செடியில் நாலு வாய் கடித்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுகின்றன, எதையும் முழுதாகத் தின்பதில்லை, ஏன்? அதே வீட்டுப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அரிசி மூட்டையில் வாய்வைத்தது, மறுநாள் எழ முடியாமல் கிடந்தது. அதற்கு அந்தப் புத்தி எங்கே போயிற்று? தாது உப்பைத் தனியாக ஒரு தொட்டியில் வைத்துவிட்டால் மாடு தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளுமா? போகிற போக்கில், சந்தையில் வாங்கிய குட்டிகள் சூபாபுல் என்ற தீவன மரத்தின் தழையை முகர்ந்து பார்ப்பதோடு சரி என்றும் ஒரு வரி. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: தன் உடம்புக்கு எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பது கால்நடைக்குத் தெரியுமா?

கால்நடை மருத்துவராக முப்பது ஆண்டுகள் தொழுவம் தொழுவமாக அலைந்தவன் நான். "வாயில்லா ஜீவனுக்கு எல்லாம் தெரியும் டாக்டர்" என்று என்னிடம் சொல்லாத வீடு இல்லை. அப்படிச் சொன்ன வீட்டுக்கே மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் ஓடியிருக்கிறேன். அங்கே பசு சர்க்கரைப் பொங்கலும் சாதமும் வயிறு கொள்ளாமல் தின்றுவிட்டு, அசைபோடுவதை நிறுத்தி, கண்கள் குழிவிழுந்து நின்றிருக்கும். அதனால் என் பதில் கொஞ்சம் கறாராகத்தான் இருக்கும். உடம்புக்கு எது தேவை என்பது கால்நடைக்குத் தெரியாது. தின்றதும் தின்ற பின் உடம்புக்கு என்ன ஆயிற்று என்பதும் நினைவிருக்கும், அவ்வளவுதான். அந்த நினைவு எங்கே நன்றாக வேலை செய்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதைச் சொன்னால் உங்கள் ஆடு, மாடு இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும்.

முதலில் 'எவ்வளவு' என்பது. வளர்ந்த பசுவின் பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு நொதிப்புத் தொட்டி. வைக்கோலும் சோளத்தட்டையும் தின்னும் மாட்டைப் பெரும்பாலும் நிறுத்துவது அந்தத் தொட்டியின் நிரம்பல்தான். 1961-இல் இங்கிலாந்தின் ரெடிங் அருகே காம்ப்ளிங், பால்ச் என்ற இருவர் இதைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்து காட்டினார்கள். பசுவின் விலாப்பக்கத்தில் பெருவயிற்றுக்குள் கைவிடும்படி ஒரு துளை அமைத்து, அது விழுங்கிய உலர்புல்லை விழுங்க விழுங்க உள்ளிருந்து எடுத்துக்கொண்டே இருந்தார்கள். பசு நிறுத்தாமல் நெடுநேரம் தின்றது. பிறகு பைகளில் தண்ணீரை நிரப்பிக் கட்டி உள்ளே வைத்தார்கள், தீனி குறைந்தது. அதே தண்ணீரைப் பையில்லாமல் ஊற்றியபோது தீனி குறையவில்லை. ஊற்றிய நீர் அடுத்த வயிற்றுக்கு வழிந்து போய்விடும், பை போகாது. ஆக, வயிற்றுச் சுவர் இழுபடுவதுதான் மூளைக்குப் போகும் செய்தி.

இதில் நம் ஊர்க்காரர்கள் தவறாகப் படிக்கிற ஒரு விஷயம் உண்டு. "மாடு வைக்கோலைத் தொடமாட்டேன் என்கிறது, புல்லுக்குப் பழகிவிட்டது, திமிர்" என்பார்கள். திமிரெல்லாம் இல்லை. நெல் வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம். பெருவயிற்றில் நாரைச் சிதைக்கிற நுண்ணுயிர்களுக்குத் தீவனத்தில் குறைந்தது 7 சதவீதமாவது வேண்டும். அது கிடைக்காவிட்டால் அவை சோம்பிவிடும், நேற்றுத் தின்ற வைக்கோல் இன்றும் உள்ளேயே கிடக்கும், தொட்டி காலியாகாது, மாடு மறுக்கும். பட்டினி கிடப்பது நுண்ணுயிர், வயிறோ நிறைந்திருக்கிறது. அந்த மாட்டுக்கு அரை கிலோ கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கொடுத்துப் பாருங்கள், மறுத்த வைக்கோலையே கூடுதலாகத் தின்னும். புண்ணாக்கு விலை கட்டுப்படாதவர்கள் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்துக் கொடுப்பதும் இதே கணக்கில்தான். யூரியாவை மாடு நேரடியாக நக்கினால் ஆபத்து; ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு இந்த வைக்கோல் வேண்டாம்.

இனி உங்கள் அரிசி மூட்டை. புல்லுக்கும் வைக்கோலுக்கும் வயிற்று நிரம்பல் நல்ல கடிவாளம். அரிசிக்கு அது உதவாது. பத்து கிலோ அரிசி தொட்டியின் ஒரு மூலைக்குக் காணாது. வயிற்றுச் சுவர் இழுபடவே இழுபடாது. மாவுச்சத்து நொதித்து லாக்டிக் அமிலமாக மாறுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அமிலம் ஏற ஏற, சாதாரணமாக 6-க்கு மேல் இருக்கும் பெருவயிற்றின் pH எண் (அமிலம் கூடினால் இந்த எண் குறையும்) 5-க்கும் கீழே இறங்கும். நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். இரத்தத்திலுள்ள நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்படும். மாடு சொட்டும் நீர்போலக் கழிந்துகொண்டே உள்ளுக்குள் வறண்டு போகிறது. சமைத்த சோறும் களியும் பச்சை அரிசியைவிட வேகமாக நொதிக்கும். இதில் கவனிக்க வேண்டியது நேரம்தான். வாய் இனிக்கிறது இப்போது. வயிறு தண்டிப்பது ராத்திரி. அதற்குள் மூட்டை காலி. மாட்டின் முன்னோர் மேய்ந்த புல்வெளியில் மாவுச்சத்து குவியலாக எங்கும் கிடந்ததில்லை, அதை நிறுத்தத் தெரிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

பிழைத்த மாடு அரிசியை மறுபடி தொடாதா என்று அடுத்தபடியாகக் கேட்பீர்கள். சில தொடுவதில்லை. பல மாடுகள் ஒரு வாரம் தள்ளி நின்றுவிட்டுப் பிறகு அதே மூலையை நோக்கி இழுக்கின்றன. ஆகவே அதன் புத்தியை நம்பாமல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். இன்னொரு முறை நேர்ந்தால், மாடு நன்றாகத்தானே நிற்கிறது என்று காத்திருக்க வேண்டாம். தின்று நாலைந்து மணி நேரத்துக்குள் வைத்தியம் தொடங்கிய மாடுகளுக்கும் மறுநாள் தொடங்கிய மாடுகளுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் பார்த்திருக்கிறேன். சமையல் சோடா கரைத்து ஊற்றுவது சரியான முதலுதவிதான், ஆனால் அளவை மாட்டின் எடை பார்த்து மருத்துவர் சொல்லட்டும். படுத்துக் கிடக்கும் மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

வெள்ளாட்டுக்கு வருவோம். வாயமைப்பிலேயே வித்தியாசம் தொடங்குகிறது. பசு நாக்கைச் சுழற்றிப் புல்லை ஒரு பிடியாக வாரி இழுக்கிறது. அதில் ஆணி இருந்தாலும் பாலித்தீன் பை இருந்தாலும் சேர்ந்து உள்ளே போகும். வெள்ளாட்டின் மேலுதடு நம் விரல்போல அசையும். முள்ளுக்கு நடுவிலிருந்து ஒரே ஒரு கொழுந்தை எடுக்கும். கொங்கு நாட்டு மேய்ச்சல் நிலமான கொரங்காட்டின் வேலி ஓரம் நின்று பாருங்கள்: கிளுவையில் இரண்டு வாய், முன்னங்காலைத் தூக்கி வைத்து வெள்வேலத்தில் மூன்று வாய், இறங்கிக் கொழுக்கட்டைப் புல்லின் நுனியில் ஒரு வாய், மறுபடி வேலி. 'நுனிப்புல் மேய்கிறான்' என்று அரைகுறையாகப் படிப்பவனைத் திட்டுகிறோம். ஆட்டைப் பொறுத்தவரை நுனியில்தான் புரதம் இருக்கிறது, அடித்தண்டில் நார் மட்டுமே.

ஏன் இரண்டு மூன்று வாயோடு நிறுத்துகிறது? தழைகள் தம்மைக் காத்துக்கொள்ள ஆளுக்கொரு நச்சு வைத்திருக்கின்றன. ஒன்றில் டானின் என்னும் துவர்ப்பு, இன்னொன்றில் ஆல்கலாய்டு, வேறொன்றில் ஆக்சலேட். ஒவ்வொன்றையும் முறிக்க ஈரலுக்கும் நுண்ணுயிருக்கும் ஒரு நாளைக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரே செடியில் வயிறு நிரப்பினால் வரம்பு உடையும். பல செடிகளில் பிரித்துக்கொண்டால் எல்லாம் வரம்புக்குள் நிற்கும். நம் பெரியவர்கள் செடிகளுக்கு வைத்த பெயரிலேயே ஆட்டின் தீர்ப்பு பதிவாகியிருக்கிறது: ஆடுதொடா, ஆடுதின்னாப்பாளை. முதலாவதில் வாசிசின் என்ற ஆல்கலாய்டு, இரண்டாவதில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டலோக்கிக் அமிலம். சீமைக்கருவேலத்தில் இன்னும் வேடிக்கை. இனிக்கிற காயை ஓடி ஓடிப் பொறுக்கும் ஆடு, இலையைத் தீண்டாது.

பிறந்ததிலிருந்தே ஆட்டுக்கு இது தெரிந்திருக்கிறது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரெட் புரோவென்சா செய்த வேலை அந்த எண்ணத்தை அசைத்தது. அங்குள்ள பிளாக்பிரஷ் என்ற முள்புதரை வெள்ளாடு விட்டு மேயவைத்தால் புதுத் துளிர் வரும், புதுத் துளிரில் சத்து அதிகம், ஆடு அதைத்தான் விரும்பும் என்று எதிர்பார்த்தார். ஆடுகள் முதலில் துளிரைத் தின்றன, பிறகு அதை விட்டுவிட்டு முதிர்ந்த குச்சிக்குப் போய்விட்டன. துளிரில் டானின் மிகுதி. தின்றன, உடம்பு ஒப்பவில்லை, விட்டன. ஒரு பட்டியின் ஆடுகள் குளிர்காலத்தில் காட்டெலிகளின் கூடுகளைப் பிய்த்துத் தின்னத் தொடங்கின. எலிச் சிறுநீர் ஊறிய அந்தக் கூட்டில் நைட்ரஜன் இருந்தது, அதை நுண்ணுயிர்கள் புரதமாக்கின. கூடு தின்ற ஆடுகள் மற்றவற்றைப்போல மெலியவில்லை. எல்லாப் பட்டியிலும் இது நடக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏதோ ஓர் ஆடு தற்செயலாக வாய்வைத்து, உடம்பு தேறி, மறுபடி தேடிப்போயிருக்க வேண்டும்.

இந்தக் கற்றலைச் சோதனையில் உறுதிப்படுத்திவிட்டார்கள். ஒரு புதுத் தீவனத்தைத் தின்ற கையோடு குமட்டல் உண்டாக்கும் லித்தியம் குளோரைடைக் கொடுத்தால் ஆடும் மாடும் அந்தத் தீவனத்தை மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் தொடுவதில்லை. 2006-இல் யூட்டா குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. டானின், ஆக்சலேட், மிகுதியான தானியம் என மூன்று விதத் தொல்லைகளையும் ஒவ்வொன்றுக்கும் உரிய மாற்று மருந்தையும் செம்மறிக் குட்டிகளுக்கு முதலில் அனுபவத்தில் பழக்கினார்கள். பிறகு மூன்று மாற்று மருந்துகளையும் ஒன்றாக வைத்தபோது, குட்டிகள் தம் தொல்லைக்குரியதை அதிகம் எடுத்தன. பழக்காத குட்டிகளுக்கு அது கைவரவில்லை.

இந்த நினைவு வேலை செய்ய வேண்டுமானால் விலங்கு முதலில் பிழைத்திருக்க வேண்டும். வறட்சியில் வாடி மறுதுளிர்த்த இளஞ்சோளம், மரவள்ளித் தழை இரண்டிலும் சயனைடு உண்டு. மேய்ந்த சில நிமிடங்களிலேயே விழுந்துவிடும். பாடம் படிக்க மாணவன் இருக்க மாட்டான். சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளி பயிரிடுவோர் இதைச் சொல்லாமலே அறிவார்கள். பசியும் பாடத்தை அழித்துவிடும். மழை பொய்த்த ஆண்டில் உண்ணிச்செடியைத் தின்று தோல் வெந்துபோய் வந்த மாடுகள் எல்லாம் நல்ல ஆண்டில் அதைச் சுற்றிக்கொண்டு போனவைதான். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பதில் நாக்கின் விவேகமும் அடக்கம். மூன்றாவதாக, நாமே பாடத்தைக் குழப்புகிறோம். தவிடு, புண்ணாக்கு, மாவு எல்லாவற்றையும் அரைத்து ஒன்றாகக் கரைத்துக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றினால், எது ஒத்துக்கொண்டது எது கெடுத்தது என்று எந்த மாடு பிரித்தறியும்?

தாது உப்புக் கேள்விக்கு இரண்டு பதில்கள். சாப்பாட்டு உப்பு விதிவிலக்கு. அதற்கு மட்டும் பிறவியிலேயே உண்மையான பசி இருக்கிறது. 1936-இல் கர்ட் ரிக்டர், உடம்பில் உப்பைத் தக்கவைக்க உதவும் அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்ட எலிகள் உப்புநீரைத் தேடிக் குடித்து உயிர்பிழைப்பதைக் காட்டினார். ஆஸ்திரேலியாவில் டெரிக் டென்டன், செம்மறியின் உமிழ்நீரை வெளியே வடியவிட்டு உப்பை இழக்கவைத்தபோது, அந்த ஆடுகள் இழந்த அளவுக்கு ஏறக்குறைய ஈடாக உப்புக் கரைசலைக் குடித்தன. எனவே உப்புக்கட்டியைத் தொங்கவிட்டு மாட்டின் விருப்பத்துக்கு விடலாம், அருகில் தண்ணீர் இருக்க வேண்டும். மாடு சுவரை நக்கினாலும் மூத்திரம் பட்ட மண்ணை நக்கினாலும் முதலில் உப்பைத்தான் சந்தேகிப்பேன்.

மற்ற தாதுக்களுக்கு அந்த நம்பிக்கை வேண்டாம். கறவைப் பசுக்களுக்குத் தாதுக்களைத் தனித்தனிப் பெட்டிகளில் வைத்துப் பார்த்த சோதனைகளில், பசுக்கள் தேவைக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளவில்லை. ருசிக்கு ஏற்ப எடுத்தன. பாஸ்பரஸ் குறைந்த மாடு எலும்பைக் கடிக்கும் என்பது உண்மை. தென்னாப்பிரிக்காவில் அர்னால்ட் தீலர் 1920-களில் கண்டது அதன் கொடூரமான மறுபக்கம். பாஸ்பரஸ் இல்லாத மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் செத்த மிருகங்களின் எலும்பைத் தேடிக் கடித்தன. அழுகிய எலும்பிலிருந்த பொட்டுலினம் நஞ்சால் கூட்டமாகச் செத்தன. எலும்புத்தூள் கொடுத்ததும் எலும்பு கடிப்பது நின்றது. தேவையை உணர்ந்த அதே நாக்குதான் அங்கே எமனையும் கொண்டுவந்து சேர்த்தது. ஆகவே தாது உப்புக் கலவையைத் தினம் 30 முதல் 50 கிராம், கையால் அளந்து அடர்தீவனத்தில் கலந்துவிடுங்கள்.

இந்த இடத்தில் கோழியைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை, நீங்கள் கேட்கவில்லை என்றாலும். முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சலைத் தனி டப்பாவில் வைத்தால் காலையில் ஏறிட்டும் பார்க்காது, சாயங்காலம் கொத்தும். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில், ஓர் ஓட்டுக்கு இரண்டு கிராமுக்கு மேல் கால்சியம் வேண்டும். முட்டை உருவாகாத நாளில் அந்தச் சாயங்கால ஆவலும் குறைந்துவிடும். மாட்டிடம் நான் எதிர்பார்த்து ஏமாந்த ஒழுங்கு கோழியிடம் இருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி உறுதியானது. உறுதியில்லாததையும் சொல்லிவிடுகிறேன். மூளையில் பசியும் நிறைவும் எங்கே உணரப்படுகின்றன என்பதற்கான அடித்தளத்தைப் போட்டவர்களில் ஒருவர் நம் நாட்டு பி. கே. ஆனந்த், 1951-இல் பிரோபெக் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, மூளையின் அடியிலுள்ள ஹைப்போதாலமஸ் என்ற பகுதியின் பக்கப்பகுதியைச் சிதைத்தால் எலி தின்பதையே நிறுத்திவிடுகிறது என்று காட்டினார். ஆனால் எலியின் கணக்கை அசைபோடும் விலங்குக்கு அப்படியே பொருத்த முடியாது. தானியம் மிகுந்த தீவனம் தின்னும் கறவைப் பசுவை நிறுத்துவது தானியம் நொதித்து உண்டாகி ஈரலில் எரியும் புரோபியானிக் அமிலம்தான் என்று அமெரிக்காவின் மைக்கேல் ஆலன் ஒரு கருதுகோள் வைத்திருக்கிறார். எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது, ஆனால் துறைக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆடு நோய்க்கு மருந்தாகத் தழையைத் தேடித் தின்கிறது என்ற பேச்சிலும் பாதியை நம்புங்கள். குடற்புழு உள்ள குட்டிகள் டானின் தழையைக் கூடுதலாகத் தின்பதைச் சில ஆய்வுகள் காட்டுகின்றன, எல்லா ஆய்வும் காட்டவில்லை. குடற்புழு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக, சூபாபுல் தழையைத் தொடாத குட்டிகள். அவற்றின் மேல் தவறில்லை. அறிமுகமில்லாத தழையைச் சந்தேகிப்பதுதான் ஆட்டுக்குப் பாதுகாப்பு. எதைத் தின்னலாம் என்ற முதல் பாடம் தாயிடமிருந்து வருகிறது. தாய் தின்றதன் மணம் பனிக்குடநீரிலும் பாலிலும் கலந்து குட்டிக்குப் போகிறது, பிறகு தாயின் வாயருகே நின்று அது கடிப்பதையே தானும் கடிக்கிறது. உங்கள் குட்டிகளின் தாய் எங்கோ வேறு ஊரில் வேறு தழை தின்றது. சூபாபுல்லில் மிமோசின் என்ற நச்சும் உண்டு. அதை முறிக்கும் நுண்ணுயிர் எல்லா ஆட்டு வயிற்றிலும் இருப்பதில்லை. ஹவாய்த் தீவின் வெள்ளாடுகளிடம் அது இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் கண்டறிந்து, 1980-களில் ஆஸ்திரேலிய மாடுகளின் வயிற்றுக்கு மாற்றினார்; அதுவரை அந்தத் தழையால் முடி கொட்டி மெலிந்த மாடுகள் அதையே தின்று தேறின. எனவே குட்டிகளை உங்கள் பழைய ஆடுகளுக்குப் பக்கத்திலேயே கட்டுங்கள், ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கட்டும். முதல் வாரம் ஆளுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். பழகிய பிறகும் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தழையைத் தரையில் போடாமல், குட்டி தலையை நிமிர்த்தி எட்டுகிற உயரத்தில் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுங்கள். காலில் மிதிபட்டதை வெள்ளாடு எவ்வளவு பசித்தாலும் திரும்பிப் பார்க்காது.